முதலில் கூரை

எங்கள் பண்டார் தெங்காராவைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழை. மற்ற மாதங்களிலும் மாலை மழை வரலாம். ஈரத் தரையில் படுப்பதைவிட மரங்களுக்கிடையே தொங்குபடுக்கை கட்டி உறங்குவதே மேல் என்பார் மாமா.

சென்ற பள்ளி விடுமுறையில், முந்தாஹாக் மலையடிவாரத்திலுள்ள கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிக்கு முகாமிடச் சென்றோம். திடீர் வெள்ளத்திற்கு அஞ்சி, ஆற்றைவிட்டுத் தள்ளியே இடம் தேடினோம். மாமா அண்ணாந்து பார்த்தார்.

“பட்டுப்போன கிளையின் கீழே வேண்டாம், தம்பி. முறிந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து,” என்றார்.

உறுதியான இரு மரங்களைத் தேர்ந்தெடுத்தோம். மரப்பட்டை காயப்படாதிருக்க, மெல்லிய கயிற்றுக்குப் பதிலாக அகன்ற நாடாக்களைச் சுற்றினோம். முதலில் தார்ப்பாயைக் கூரையாகக் கட்டினோம், அதன்கீழ்த் தொங்குபடுக்கை, பிறகு கொசுவலை. படுக்கையை விறைப்பாக இழுக்காமல், சற்றுத் தொய்வாக, நாற்காலி உயரத்தில் கட்டினோம். அதில் குறுக்காகப் படுத்தால் முதுகு அதிகம் வளையாது. நாடாவில் ஒரு நூலையும் தொங்கவிட்டார் மாமா. நள்ளிரவில் மழை கொட்டியது. மரத்திலிருந்து நாடா வழியே வந்த நீர் அந்த நூலில் இறங்கித் தரையில் சொட்டியது. படுக்கை நனையவில்லை.

காலையில் வரிசை தலைகீழானது. கொசுவலையையும் படுக்கையையும் கூரையின் கீழேயே மடித்துப் பையில் வைத்தோம். இறுதியில் தார்ப்பாயை அவிழ்த்து, தனி உறையிலிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தோம். வீடு திரும்பியதும் அதை உலர்த்தினோம். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பிறகு மீண்டும் பையின் மேற்பகுதியிலேயே வைத்தோம். அடுத்த முறை மழையிலேயே போய் இறங்கினாலும், மற்றப் பொருள்கள் நனையாமல் முதலில் கூரையைக் கட்டிவிடலாம்.