அப்பாயிக்கு ஒரு மா

காலேஜ் அட்மிஷன் ஃபார்ம்ல 'தாயின் தொழில்'னு ஒரு கட்டம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? பாதிப் பேர் யோசிக்காமலே 'இல்லத்தரசி'ன்னு எழுதியிருப்பீங்க. நானும் அதான் எழுதினேன். அன்னைக்குக் காலையில அம்மா வயல்ல களை எடுத்துட்டுதான் என்னை பஸ் ஏத்திவிட வந்தாங்க. எங்க அப்பாயிக்கு அப்படி ஒரு ஃபார்ம் இருந்திருந்தா, அதுலயும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அப்பாயிக்கு இப்போ 78 வயசு. மன்னார்குடி பக்கத்துல எங்க ஊருக்கு 17 வயசுல வாழ வந்தவங்க. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தா குறுவை, அப்புறம் தாளடி. தண்ணி தாமதமானா சம்பா மட்டும். அவங்க காலண்டர் அதுதான். விடியறதுக்கு முன்னாடி சாணி அள்ளி, பால் கறந்து, சோறு வடிச்சு வச்சுட்டு வயலுக்குப் போவாங்க. நாத்துப் பறிச்சு முடி கட்டுறது, நடுறது, களை எடுக்குறது, அறுக்குறது, களத்துல தூத்துறது, வீட்டுக்கு வந்த நெல்லை அவிச்சுக் காயப்போடுறது எல்லாம் அவங்க. ஏர் ஓட்டுறதும் வரப்பு வெட்டுறதும் தாத்தா. ஆனா ஊருக்குத் தாத்தாதான் விவசாயி.

வாய்க்காலோர வயல்ல நடவு முடிச்சுட்டு வந்த ராத்திரிதான் எங்க அப்பா பிறந்தாராம். அந்த வயலை வாங்க அப்பாயியோட தோடும் சங்கிலியும் போச்சு. 2018 நவம்பர்ல கஜா புயல் வந்து எங்க தென்னை மரமெல்லாம் சாய்ஞ்சப்போ, தாத்தா ரெண்டு நாள் திண்ணையை விட்டு எழுந்திருக்கல. அப்பாயி மறுநாளே விழுந்த மட்டையை இழுத்துப்போட்டுக் கீத்து முடைய உட்கார்ந்துட்டாங்க. மாட்டுக்கொட்டகைக்குக் கூரை வேணுமே.

தாத்தா இறந்து மூணு வருஷம் ஆச்சு. போன தீபாவளி லீவுல, பட்டா மாத்த விவரம் டைப் பண்ணச் சொன்னார் அப்பா. மொத்தம் ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர். அப்பாவுக்குப் பாதி, சித்தப்பாவுக்குப் பாதி. நானும் டைப் பண்ணேன். பக்கத்துல இருந்த வாரிசுச் சான்றிதழ்ல நாலு பேர் இருந்துச்சு. முதல் பேர் அப்பாயி. அத்தை பேரும் இருந்துச்சு.

"அப்பாயி பேர் இல்லையேப்பா?"

"அம்மா நம்மகூடத்தானே இருக்கு. அதுக்கு எதுக்கு நிலம்?"

அப்பா கெட்டவர் இல்ல. அம்மாவுக்கு மாத்திரை வாங்காம ஒரு நாள் வீட்டுக்கு வரமாட்டார். ஆனா அப்படி ஒரு கேள்வி அவருக்குத் தோணவே இல்ல. நான் கேட்கலன்னா எனக்கும் தோணியிருக்காது.

ராத்திரி மொபைல்ல தேடிப் பார்த்தேன். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாம இறந்தவரோட சொந்தச் சம்பாத்தியச் சொத்துல மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு. அதைச் சொன்னதும் அப்பாயி சிரிச்சாங்க. "போடா, சாகப்போற காலத்துல எனக்கு என்னத்துக்கு?"

காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது அவங்களே ஆரம்பிச்சாங்க. "அந்த வாய்க்காலோர ஒரு மா மட்டும் எம் பேருல இருந்தா நல்லாத்தான்டா இருக்கும். அப்பன்கிட்ட சொல்லிப் பாரு."

சொல்லிட்டேன். வீட்ல பேச்சு இன்னும் முடியல. அத்தை பங்கைப் பத்தி இன்னும் யாரும் வாய் திறக்கல.

நீங்களும் ஊருக்குப் போகும்போது பட்டாவை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. யார் பேர் இருக்குன்னு மட்டும் இல்ல, யார் பேர் இல்லன்னும் பாருங்க.

ஆறு மாவை நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஒன்றரை மா. அப்பாயி கேட்டது ஒண்ணுதான்.