கறை என்று நினைத்த கல்

உறவினர் ஒருவர் புதுவீட்டுச் சமையலறை மேடைக்கு வெள்ளை கிரானைட் போட்டிருந்தார். வெள்ளையில் அங்கங்கே கருஞ்சிவப்புப் புள்ளிகள். சோப்பு, எலுமிச்சை, கடைசியில் ஆசிட் வரை போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, கறை படிந்த பலகையைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அந்தக் கல்லுக்குக் கடையில் ‘காஷ்மீர் வொயிட்’ என்று பெயர். காஷ்மீருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெட்டி எடுப்பது நம் தமிழ்நாட்டுக் குவாரிகளில். அந்தப் புள்ளிகள் கார்னெட். மோதிரத்தில் பதிக்கிற அதே இனம்தான். சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அப்படியானால் தோண்டி எடுத்து விற்கலாமா?”

விற்க முடியாது. பெரும்பாலும் விரிசல் விழுந்த, ஒளி புகாத மணிகள் அவை. ஆனால் அவை வந்த கதைக்கு விலை உண்டு.

எரிமலைக் குழம்பு ஆறித்தான் ரத்தினங்கள் பிறக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். கார்னெட்டில் பெரும்பகுதி அப்படிப் பிறப்பதில்லை. அதன் மூலப்பொருள் சேறு. கடலடியில் படியும் களிமண்ணில் அலுமினியமும் சிலிக்காவும் இரும்பும் இருக்கின்றன. கண்டங்கள் மோதும்போது அந்தப் படிவு பல கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்கி, அழுத்தத்திலும் சூட்டிலும் வேகிறது. பாறை உருகியே ஆகவேண்டும் என்பதில்லை. கெட்டியாக இருந்தபடியே உள்ளே அணுக்கள் இடம் மாறுகின்றன. அபிரகம் போன்ற பழைய கனிமங்கள் சிதைந்து, அந்த இடத்தில் பன்னிரண்டு முகங்கொண்ட மணி ஒன்று உள்ளிருந்து வெளிநோக்கி வளர்கிறது. வளரும்போது பக்கத்தில் இருந்த பொடிக் கனிமங்களையும் வயிற்றுக்குள் அடக்கிக்கொள்கிறது. நடுவிலும் விளிம்பிலும் உள்ள சேர்மான வித்தியாசத்தை அளந்து, பாறை எத்தனை டிகிரி சூட்டில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று புவியியலாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். சூடு மிகவும் ஏறிவிட்டால் இந்த அடுக்குகள் கலைந்துவிடும். தென்தமிழகத்துக் கார்னெட்டுகளில் பலவற்றுக்கு நேர்ந்தது அதுதான்.

அந்தச் சூடு ஏறியது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா எல்லாம் அப்போது கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்தில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. பின்னால் பிரிந்து போனாலும் சொத்து நாலு வீட்டிலும் இருக்கிறது. கேம்பல் பிரிட்ஜஸ் என்ற புவியியலாளர் 1967-இல் தான்சானியாவில் பச்சை நிறக் கார்னெட் ஒன்றைக் கண்டெடுத்தார். அங்கே அதைத் தொழிலாக நடத்த வழியில்லாமல் போகவே, அதே பாறைத் தொடரைப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டி கென்யாவுக்குள் தேடினார். காட்டு விலங்குகளுக்குப் பயந்து மரத்தின் மேல் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தார். கடைசியில் சாவோ தேசியப் பூங்காவுக்கு அருகே கல் கிடைத்தது. இன்று அதன் பெயர் சாவொரைட்.

இலங்கையின் ரத்தினபுரிப் பக்கம் ஆற்றுச் சரளையில் கிடைக்கும் கோமேதகத்தை இந்த சாவொரைட்டின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் உடன்பிறப்பு என்று யாரும் நம்பமாட்டார்கள். இரண்டுமே கால்சியமும் அலுமினியமும் சேர்ந்த கிராசுலர் வகை. கோமேதகத்தில் சிறிது இரும்பு கலந்து தேன் நிறம் தந்தது. சாவொரைட்டில் வனேடியம் கலந்து பச்சையாக்கியது. கோமேதகத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. வெந்நீரில் வெல்லம் கரையும்போது ஒரு நெளிவு தெரியுமே, அதே நெளிவு கல்லுக்குள் உறைந்து நிற்கும். நெளிவே இல்லாமல் பளிச்சென்று இருந்தால் வியாபாரி ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பார், கண்ணாடியாக இருக்கலாம் என்று. ராகுவுக்கு இதைப் பரிந்துரைக்கும் ஜோதிடர்கள் அந்த நெளிவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

கார்னெட் குடும்பத்தில் முக்கியமானவை ஆறு. இரும்பு ஏறிய அல்மண்டின் கருஞ்சிவப்பு. மக்னீசியம் மிகுந்த பைரோப்பும் சிவப்பே. மாங்கனீசு சேர்ந்த ஸ்பெசார்டின் ஆரஞ்சு. கிராசுலரைச் சொல்லியாயிற்று. ஆண்ட்ரடைட்டின் பச்சை வகையான டெமன்டாய்டு ரஷ்யாவின் உரால் மலையில் புகழ்பெற்றது. குரோமியம் கொண்ட உவரோவைட் மரகதப் பச்சை, ஆனால் பட்டை தீட்டும் அளவுக்கு வளர்வதே அபூர்வம். புத்தகத்தில்தான் இவை தனித்தனி. மண்ணில் கிடைப்பது எல்லாமே கலப்பு. அக்கம்பக்கத்தில் எது இருந்ததோ அதுவே நிறம். நீலக் கார்னெட் கிடையாது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990-களின் கடைசியில் மடகாஸ்கரின் பெகிலியில் பகலில் நீலப்பச்சையாகவும் குண்டு பல்பு வெளிச்சத்தில் ஊதாச் சிவப்பாகவும் தெரியும் கார்னெட் கிடைத்து, அந்தப் பேச்சு நின்றது.

அந்தக் கோண்ட்வானாச் சொத்தில் நம் பங்கு பெரும்பாலும் மணலாகக் கிடக்கிறது. மலை அரிபட்டு, ஆறுகள் கடலில் சேர்த்ததை அலை தரம் பிரிக்கிறது. சாதாரண வெண்மணலின் அடர்த்தி 2.65, அல்மண்டினுக்கு நாலுக்கு மேல். லேசானதை அலை இழுத்துக்கொண்டு போக, கனமானது கரையில் தங்கும். கன்னியாகுமரிக் கடற்கரையின் நிறநிறமான மணலை, நடக்காமல் போன அம்மன் கல்யாணத்தின் அரிசி பருப்பு என்பார்கள். அதில் சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். தாது மணல் தொழில் அங்கிருந்து தொடங்கியது. கார்னெட்டை உப்புத்தாளுக்கும், தண்ணீரைப் பீய்ச்சி இரும்பு வெட்டும் இயந்திரத்துக்கும் அனுப்புகிறார்கள். இதே மணலுக்காகத் தென்கடலோரத்தைக் கண்டபடி தோண்டியதும், 2013-இல் மாநில அரசு தடை போட்டதும் தமிழ்நாடே அறிந்தது. ஒரு ரத்தினக்கல்லை லாரி லாரியாக அள்ளினார்கள் என்பதை இப்போதும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆலையில் தாதுக்களைப் பிரிக்கக் காந்தம் உதவுகிறது. இரும்பு இருப்பதால் கார்னெட் காந்தத்துக்கு லேசாக அசையும். இந்த வித்தையை வீட்டிலும் செய்யலாம். கழன்ற கல்லை ஒரு தெர்மோகோல் துண்டின் மேல் வைத்து, தண்ணீரில் மிதக்கவிட்டு, வலுவான நியோடிமியம் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் போதும். மாணிக்கம் அசையாது; சிவப்புக் கார்னெட் மெல்ல நகர்ந்து வரும். அத்தையின் பழைய கெம்புத் தோட்டிலிருந்து விழுந்த கல்லை இப்படிச் சோதித்தோம். கிண்ணத்தின் ஓரம் வரை வந்தது. “என் மாமியார் பர்மா மாணிக்கம்னு சொல்லித்தான்டா போட்டாங்க,” என்றார். ஆசாரியிடம் கொடுத்து அதே கல்லைத் திரும்பப் பதித்துக்கொண்டார். யாராவது கேட்டால் இன்றைக்கும் பர்மா மாணிக்கம்தான்.