உப்பும் ஒளியும்

சர் சி. வி. ராமன் 1948-இல் பெங்களூரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தின் காட்சிசாலையில் ஓர் இருட்டறை உண்டு. அங்கே புற ஊதா விளக்கைப் போட்டால், தெருவில் கிடந்தால் நாம் திரும்பிக்கூடப் பார்க்காத கற்கள் பச்சையும் சிவப்புமாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத கதிரை விழுங்கிவிட்டு, தெரிகிற ஒளியாகத் திருப்பித் தருகின்றன. 1852-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ் இதை விளக்கினார். பெரும்பாலும் கல்லில் கலந்த அழுக்கின் வேலைதான். மாணிக்கம் ஒளிர்வதும் துளி குரோமியத்தால்.

உப்பும் ஒரு கல்தானே என்று, அப்படி ஒரு விளக்கோடு மரக்காணத்து உப்பளத்துக்குப் போனேன். பொழுது சாய்ந்திருந்தது. குவியல் மசியவில்லை, ஊதா வெளிச்சம் பட்டுத் தெறித்ததோடு சரி. மாங்கனீசும் ஈயமும் துளி சேர்ந்திருந்தால் உப்பும் சிவப்பாக ஒளிரும். இது நல்ல உப்பு.

“வெள்ளையா இருந்தாத்தானே தம்பி விலை?” என்றாள் வரப்பில் உட்கார்ந்திருந்த கிழவி.

அதில்தான் சங்கடம். கதிரை விழுங்கத் தெரியாத உப்பு, நடுப்பகல் சூரியனின் அதே கதிரை மேலே எறிகிறது. தலைக்குத் துண்டு கட்டலாம். கீழேயிருந்து வருவதற்கு என்ன செய்வது? முப்பது வருஷமாக அவள் கண் அதைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறது.

விளக்கை விற்றவர், கண்ணுக்குக் கெடுதல் என்று ஒரு கண்ணாடியும் சேர்த்துக் கொடுத்திருந்தார். கிழவி அதை வாங்கி மாட்டிப் பார்த்தாள்.

“இது மட்டும் தனியாக் கிடைக்குமா?” என்று கேட்டாள்.