பாட்டி நலமாகத்தான் இருக்கிறார்



ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘மை கிராண்ட்மதர் யூஸ்ட் டு டெல் மீ ஸ்டோரீஸ்’ என்று எழுதியிருந்தாள். மனம் கனத்தது. அருகில் அழைத்து, “பாட்டி தவறிவிட்டார்களா, அம்மா?” என்றேன். திடுக்கிட்டாள். “இல்ல டீச்சர், பாட்டி கிள்ளான்ல பூக்கடையில இருக்காங்க. நேத்துகூடக் கதை சொன்னாங்க!”

பிழை அவளுடையதன்று, என்னுடையது. ‘யூஸ்ட் டு’ என்றால் ‘வழக்கம்’ என நான்தான் கற்பித்திருந்தேன். தமிழில் ‘கதை சொல்வது வழக்கம்’ என்றால் அது இன்றும் தொடர்வதாகவே கொள்வோம். ஆங்கிலத்தில் ‘யூஸ்ட் டு’ என்பதோ முன்பு இருந்து பின்னர் நின்றுபோன வழக்கத்தைக் குறிக்கும். தொடரும் வழக்கத்திற்கு ‘டெல்ஸ் மீ ஸ்டோரீஸ்’ என்னும் எளிய நிகழ்காலமே போதும். மலாய் வினைச்சொற்கள் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. ஆகவே மும்மொழி பயிலும் நம் பிள்ளைகள் இவ்விடத்தில் தடுமாறுவது இயல்பே.

‘ஐ ஏம் யூஸ்ட் டு’ என்பது வேறு. ‘எனக்குப் பழகிவிட்டது’ என்று பொருள்படும். அதன்பின் வினை வந்தால் ‘வேக்கிங் அப் ஏர்லி’ என ‘இங்’ சேர்த்தே எழுத வேண்டும்.

மறுநாள் வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டு, மீண்டும் கற்பித்தேன். பொருளோடு காலத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம். பாட்டி நீடு வாழட்டும்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியை