காய்ச்சல் விட்ட நாள்

தவணைப் பரீட்சையில் வைரசு பற்றிய கேள்விக்கு எனக்கு முழுப் புள்ளி. வைரசு தானாகப் பெருகாது, அதற்கு உயிருள்ள கலம் வேண்டும் என்று படமும் வரைந்து எழுதியிருந்தேன். அடுத்த மாதம் என் தம்பிக்கு டெங்கு வந்தது.

ஞாயிறு இரவு தொடங்கிய காய்ச்சல் மூன்று நாள் அனலாய்க் கொதித்தது. பனடோல் மட்டும் கொடுக்கும்படியும், மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்கும்படியும் டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் புதன் இரவே காய்ச்சல் விட்டுவிட்டது. "சுகமாகின புள்ளைக்கு இனி என்னத்துக்கு ஊசி?" என்றார் உம்மா. நானும் ஆமென்றேன்.

மறுநாள் தம்பி வயிறு நோகுதென்று சுருண்டு கிடந்தான். இரண்டு தரம் வாந்தி. கை கால் குளிர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு ராத்தா தாதியாக வேலை செய்பவர். வந்து பார்த்தவுடன், "டெங்குவில காய்ச்சல் விடுற நேரந்தான் பயம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார்.

அன்றிரவு வார்ட்டில் தம்பியின் கட்டிலருகே இருந்தபோதுதான் நான் வரைந்த படம் எனக்கு விளங்கியது. ஒரு மில்லிமீற்றருக்குள் ஏறத்தாழ 20,000 டெங்கு வைரசுகளை வரிசையாக வைக்கலாம். அவ்வளவு சிறிய அது கலத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. கலமே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே அது தன் ஆர்.என்.ஏ.யை அவிழ்த்துவிட, நமக்காகப் புரதம் செய்யும் இறைபோசோம்கள் வைரசுக்காக உழைக்கத் தொடங்குகின்றன. அதனோடு போராட நம் உடல் வெளிவிடும் பொருட்களும் சேர்ந்து இரத்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடுகின்றன. காய்ச்சல் தணியும் அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில்தான் இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது.

வைரசைக் கொல்ல மருந்தில்லை. சேலைனை அளந்து ஏற்றினார்கள். சிறுநீரையும் அளந்து எழுதினார்கள். 150,000க்கு மேல் இருக்க வேண்டிய குருதிச் சிறுதட்டு 28,000க்கு இறங்கியது. உம்மா என் கையை விடவேயில்லை. மூன்றாம் நாள் எண்ணிக்கை ஏறியது. தம்பி பசிக்குது என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தோட்டமெல்லாம் பார்த்தார். சிரட்டை இல்லை, டயர் இல்லை. கடைசியில் என் யன்னலில் இருந்த மணிப்பிளான்ட் போத்தலைத் தூக்கினார். தண்ணீருக்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. தம்பியைக் கடித்த நுளம்பு அதிலிருந்துதான் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் என்னால் யாருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை.

முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு கிழமை போதும். தண்ணீரை ஊற்றிவிட்டாலும் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடிருக்கும். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டிலுள்ள தண்ணீர்ப் பாத்திரங்களை எல்லாம் நானே தேய்த்துக் கழுவுகிறேன்.

முழுப் புள்ளி கிடைத்த அந்த விடைத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. காய்ச்சல் விட்டால் சுகம் என்று நம்பி உம்மாவோடு சேர்ந்து தலையாட்டியதும் அதே நான்தான்.