பின்னணி இழையின் உறக்கம்

கொழும்பு அலுவலகமொன்றின் பாவனைக்கென எழுதப்பட்ட இணையச் செயலி அது. புலமைப்பரிசில் கோரி மாணவர் தபாலில் அனுப்பும் படிவங்களை எழுதுவினைஞர் ஒருவர் அதிற் பதிந்து, சான்றுகளைச் சரிபார்த்து, ஒப்புதற் பொத்தானை அழுத்துவார். உடனே மாணவருக்கு மின்னஞ்சலிற் கடிதம் செல்லும். கடிதத்தை ஆக்கி அனுப்பச் சில விநாடிகள் செல்லுமாதலால், அதுவரை எழுதுவினைஞரைத் திரைமுன் காக்கவைக்க விரும்பாத இளம் நிரலாளன், அப்பணியை வரிசையொன்றில் இட்டுப் பின்னணி இழையொன்றிடம் ஒப்படைத்திருந்தான். அவ்வேற்பாடு குறித்து அவனுக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முறைப்பாடுகள் வரத் தொடங்கின. காலையில் ஒப்புதல் பெற்றோருக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை. செயலியை நிறுத்தி மீளத் தொடக்கினால் அன்று முழுவதும் ஒழுங்காக இயங்கும். மறுநாட் காலை பழைய கதைதான். நாடெங்கும் மின்வெட்டு நிலவிய காலமாதலின் பழி முதலில் மின்சாரத்தின்மேல் விழுந்தது. சேவையகமோ வெளிநாட்டில் வாடகைக்குப் பெறப்பட்டது. கொழும்பின் இருள் அதனைத் தீண்டாது. அடுத்து, முகவரிகளைப் பிழையாகப் பதிந்தாரென எழுதுவினைஞர்மேற் பழி திரும்பிற்று. "ரெண்டுதரம் பாத்துத்தான் தம்பி அடிச்சனான்" என்று அவ்வம்மையார் சொன்னபோது நிரலாளன் மறுமொழி கூறவில்லை. தனது நிரலிற் பிழை இருக்கலாமென அவன் எண்ண விரும்பவில்லை என்பதே உண்மை. எரிபொருள் தட்டுப்பாட்டால் பிரயாணம் பெரும்பாடாயிருந்த அந்நாட்களில், கடிதம் என்னவாயிற்றெனக் கேட்டு மாணவி ஒருத்தி தந்தையுடன் வவுனியாவிலிருந்து நேரில் வந்து நின்றாள். அதன் பின்னரே அவன் மனமூன்றித் தேட முற்பட்டான்.

பதிவேட்டில் "அனுப்ப இயலவில்லை" என்ற ஒரு வரி மட்டுமே திரும்பத் திரும்பக் கிடந்தது. எப்பிழை நேரினும் அதனை விழுங்கிவிட்டு இவ்வாசகத்தை மட்டும் எழுதுமாறு நிரலை அமைத்தவன் அவனேயாவான். அவ்வரியை நீக்கியதும் மறுநாட் காலை உண்மைப் பிழை வெளிப்பட்டது: மைஎஸ்கியூஎல் தரவுத்தளச் சேவையகம் அகன்றுவிட்டது என்னும் 2006ஆம் இலக்கப் பிழை. விந்தை யாதெனில், அதே கணத்தில் எழுதுவினைஞரின் திரை அதே தரவுத்தளத்திலிருந்து தடையின்றித் தகவல் பெற்றுக்கொண்டிருந்தது.

அன்றிரவு, மின்வெட்டினிடையே மடிகணினியின் மின்கலத்தையும் கைத்தொலைபேசியின் இணைய வசதியையும் நம்பி, தரவுத்தளத்தின் இணைப்புப் பட்டியலை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னணி இழைக்குரிய இணைப்பு "சிலீப்", அதாவது உறக்கம், என்ற நிலையிற் கிடந்தது. அதனருகே விநாடிகள் ஏறிக்கொண்டே போயின. அலுவலகத்தின் கடைசி ஒப்புதல் மாலை நாலேகாலுக்கு. நள்ளிரவு தாண்டிக் கால் மணி நேரத்தில் எண்ணிக்கை 28,800ஐத் தொட்டது. அந்த வரி பட்டியலிலிருந்து மறைந்தது. எட்டு மணி நேரம் பேசாதிருக்கும் இணைப்பைத் துண்டிப்பது மைஎஸ்கியூஎல்லின் இயல்பான ஏற்பாடு. அதனிடம் எவ்விதப் பழுதும் இல்லை.

அப்படியாயின் திரைக்கு மட்டும் ஏன் தீங்கு நேரவில்லை? செயலிக்கு அடித்தளமான ஜாங்கோ, ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி இணைப்பை வைத்திருப்பது. இணைய வேண்டுகோள் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முடிவிலும், காலங்கடந்த இணைப்புகளையும் பழுதுற்றவற்றையும் அது தானே மூடிவிடும். அடுத்த வினாவுக்குப் புதிய இணைப்புப் பிறக்கும். பின்னணி இழைக்கோ வேண்டுகோள் என்பதே இல்லை. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே துப்புரவு செய்வாரும் இல்லை. செத்த இணைப்பையே அது மீண்டும் மீண்டும் பற்றிக்கொண்டிருந்தது. பகலில் ஒப்புதல்களுக்கிடையே எட்டு மணி நேர இடைவெளி வாராதபடியால் நோய் பகலில் தலைகாட்டவில்லை.

துண்டிக்கும் காலத்தை ஒரு வாரமாக நீட்டிவிடலாம் என்றார் மூத்த நிரலாளர் ஒருவர். நீண்ட விடுமுறை ஒன்று வந்தால் அதுவும் போதாது. காலைதோறும் மீளத் தொடக்குவதும் பயனற்றது. நினைவகத்தில் மட்டும் வாழும் வரிசையிற் காத்திருக்கும் பணிகள் அத்துடன் அழிந்துபோகும். ஈற்றில் அவன் செய்தது மிகச் சிறிது: ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னும் பின்னும், பழைய இணைப்புகளை மூடும் ஜாங்கோவின் செயற்கூறினைப் பின்னணி இழையே அழைக்குமாறு இரண்டு வரிகள் சேர்த்தான். பரீட்சார்த்தத் தரவுத்தளத்தில் துண்டிக்கும் காலத்தை அறுபது விநாடியாகக் குறைத்து, இரண்டு நிமிடம் காத்திருந்து, ஒப்புதற் பொத்தானை அழுத்தினான். கடிதம் சென்றது.

மேலதிகாரியிடம் தவறு தன்னுடையதெனச் சொல்லிவிட்டு எழுதுவினைஞரின் மேசைக்கு வந்தான். இழை, இணைப்பு என்றெல்லாம் அவன் விளக்கத் தொடங்கியதை அவர் பாதிவரை கேட்டார்.

"சரி தம்பி, அது கிடக்கட்டும். விடுபட்ட ஆக்களின்ரை பட்டியலை எடுங்கோ. வெள்ளிக்கிழமையோடை தவணை முடியுது."

ஒப்புதல் பெற்றோர் பட்டியலையும் அனுப்பிய கடிதங்களின் பதிவையும் அருகருகே வைத்து, இருவரும் பெயர் பெயராக ஒப்புநோக்கத் தொடங்கினர்.