முடிவுரையை மூடிவிட்டுப் படி

ஆய்வுகளைத் தொகுத்து ரிவ்யூ எழுதக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஃபாரஸ்ட் ப்ளாட்டைப் பார்த்து மயங்கித்தான் வருகிறார்கள். ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு சின்னக் கட்டம், அதன் இருபுறமும் நீளும் கோடு, எல்லாவற்றுக்கும் அடியில் மொத்தக் கணக்கைச் சொல்லும் டைமண்ட். படத்தை மென்பொருள் நொடியில் வரைந்துவிடும். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் நடக்கிற வேலைதான் எங்கள் தொழில். ஒரு ரத்தப் பரிசோதனை புழக்கத்தில் இருக்கலாமா, அங்கன்வாடியில் குழந்தையின் வாயில் என்ன ஊற்றலாம் என்பதெல்லாம் அந்த வேலையின் மேல் நிற்கிறது. அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் குழந்தை மருத்துவராக இருந்து, பிறகு புள்ளியியலுக்கு வந்தவர். எங்களுக்கு அவர் மேடம். கட்டுரையை எப்போதும் அச்செடுத்துத்தான் படிப்பார். சுருக்கத்தையும் முடிவுரையையும் வெள்ளைத் தாளால் மூடிவிட்டு, நேரே ஆய்வுமுறைப் பகுதிக்குப் போவார், அங்கிருந்து அட்டவணைகளுக்கு. "எழுதினவர் என்ன நம்புறார்ங்கிறது கடைசியில தெரிஞ்சா போதும்மா. என்ன செஞ்சார்னு முதல்ல பாரு" என்பார். பென்சிலை வைத்துக்கொண்டு எண்களைக் கூட்டுவார். சேர்ந்தவர் எத்தனை பேர், நடுவில் விலகியவர் எத்தனை பேர், கடைசி அட்டவணையில் மிஞ்சியவர் எத்தனை பேர். கூட்டுத்தொகை இடித்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி விழும். அந்தக் கேள்விக்குறிகளைத் திரட்டி ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதுவதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. பலர் பதில் போடவில்லை. சிலர் பழைய பதிவேட்டைத் தேடியெடுத்து, வரி வரியாக விளக்கி எழுதினார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு.

முதலில் ப்ரோட்டோகால். யாரிடம், எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவு என்று கேள்வியை எழுதி, பிராஸ்பெரோ பதிவேட்டில் போட்டுவிட வேண்டும். ஆய்வுகளைப் பார்த்தபிறகு கேள்வியைத் திருத்தத் தோன்றும். பதிந்து வைத்திருந்தால் அந்தத் திருத்தம் எல்லோர் கண்ணிலும் படும். காரணம் சொல்லியாக வேண்டும்.

தேடலுக்குப் பொறுமையோடு ஊர் அறிவும் வேண்டும். பப்மெட்டிலும் எம்பேஸிலும் கோக்ரேன் நூலகத்திலும் நல்ல தேடுசொற்களைக் கொடுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். நம் ஊர் ஆய்வுகளுக்கு அது போதாது. 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வைத் தேடுகிறவர், கட்டுரைகளில் அது சிங்கிள்புட் என்று இருப்பதை அறிந்திருக்க வேண்டும். சென்னையோடு மெட்ராஸையும், திருச்சியோடு திருச்சிராப்பள்ளியையும், தமிழ்நாட்டோடு தென்னிந்தியாவையும் போட்டுத் தேட வேண்டும். அந்தச் செங்கல்பட்டு ஆய்வின் பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999இல்தான் முழுமையாக வந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பது முடிவு. பலன் காட்டிய வேற்று நாட்டு ஆய்வுகளை மட்டும் திரட்டி, இதைத் தவறவிட்ட தொகுப்பு நம் மக்களுக்கு என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கணினிக்குள் ஏறாத பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதற்குக் கைத்தேடல் என்று பெயர். தூசிக்குப் பயந்தால் ஆகாது. 2007க்குப் பிறகு இந்தியாவில் நடந்த மருந்தாய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. பதிவேடு இருக்கிறது. அங்கே பதிவாகி, எந்த இதழிலும் வராமல் போன ஆய்வுகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அச்சேறாதவற்றில் பலன் காட்டாத ஆய்வுகளே மிகுதி.

தேடலில் வந்த கட்டுரைகளில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பிரிக்கும் ஸ்க்ரீனிங்கை இரண்டு பேர் தனித்தனியே செய்ய வேண்டும். ஒருவர் முடிவை மற்றவர் பார்க்கக் கூடாது. வேறுபட்டால் மூன்றாமவர். தலைப்பையும் சுருக்கத்தையும் பார்க்கிற கட்டத்தில் சந்தேகம் வந்தால் உள்ளே விடுங்கள், முழுக்கட்டுரையைப் படித்து வெளியே அனுப்பிக்கொள்ளலாம். கண் சோர்ந்தபின் இந்த வேலையைச் செய்யாதீர்கள். மதிய உணவுக்குப் பிறகு இதைத் தொட மேடம் விடமாட்டார். அந்த நேரம் கடிதங்களுக்கும் கோப்புகளுக்கும்.

எண்களைப் படிவத்தில் எடுத்து எழுதும் எக்ஸ்ட்ராக்ஷன்தான் என் மனசுக்குப் பிடித்த பகுதி. ஒருமுறை குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கர்ப்பிணிகளுக்குச் சத்துணவு தந்த ஓர் ஆய்விலிருந்து குழந்தைகளின் பிறப்பு எடையை எடுத்து எழுதியிருந்தாள். சராசரி 2.8 கிலோ, திட்ட விலக்கம் 0.04 என்று இருந்தது. மேடம் அந்த வரியில் விரலை வைத்து, "வார்டுக்குப் போயிருக்கியாம்மா? எல்லாக் குழந்தையும் ஒரே எடையிலயா பிறக்குது?" என்று கேட்டார். பிறப்பு எடையின் திட்ட விலக்கம் 400 கிராமை ஒட்டி இருக்கும். கட்டுரையில் இருந்தது, சராசரி எவ்வளவு தள்ளாடலாம் என்று சொல்லும் திட்டப் பிழை. குழுவில் நூறு பேர் என்றால் அதைப் பத்தால் பெருக்கினால்தான் திட்ட விலக்கம் கிடைக்கும். திருத்தாமல் விட்டிருந்தால், சின்ன ஆய்வான அது தன் தகுதிக்கு நூறு மடங்கு எடையோடு உட்கார்ந்து, டைமண்டையே தன் பக்கம் இழுத்திருக்கும். அன்றிலிருந்து எந்த எண்ணை எழுதினாலும், அதற்குரிய மனிதர் எப்படி இருப்பார் என்று ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரே ஆய்வு இரண்டு பெயரில் வருவதும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வாந்தியைத் தடுக்கும் ஆண்டான்செட்ரான் மருந்து பற்றி 1997இல் வந்த ஒரு கட்டுரை இதைத் துல்லியமாகக் காட்டியது. அதே நோயாளிகளின் கணக்கு வேறு வேறு கட்டுரைகளில், ஆசிரியர் வரிசைகூட மாறி, ஒன்றையொன்று குறிப்பிடாமல் வந்திருந்தது. அவற்றையும் சேர்த்து எண்ணியதில் மருந்தின் பலன் 23% கூடுதலாகத் தெரிந்தது. பலன் நன்றாக வந்த ஆய்வுகளே திரும்பத் திரும்ப அச்சேறியிருந்தன. ஆசிரியர் பெயரை மட்டும் நம்பாமல் சேர்க்கை தொடங்கிய மாதம், மருத்துவமனை, டோஸ், சராசரி வயதின் தசமப் புள்ளி, விலகியவர் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். விலகியவர் எண்ணிக்கை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

நோயறியும் பரிசோதனைகளின் ரிவ்யூ தனி வித்தை. இதற்குக் காசநோய்க்கான ரத்தப் பரிசோதனைகளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்துக் காசநோய் உண்டா இல்லையா என்று சொல்லும் கிட்டுகள் ஒரு காலத்தில் நம் தனியார் ஆய்வகங்களில் மலிந்து கிடந்தன. அவற்றைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, நோயைக் கண்டுபிடிக்கும் திறன் ஓர் ஆய்வில் 0%, இன்னொன்றில் 100%. நோயில்லாதவரைச் சரியாக விடுவிக்கும் திறன் 31%இலிருந்து 100% வரை. மிக அதிகமாக ஆராயப்பட்ட ஒரு கிட்டுக்கு, சளியில் கிருமி தென்படாத நோயாளிகளிடம் தொகுத்த கண்டறிதிறன் 59%. அதன் நம்பக எல்லை 10 முதல் 96 வரை. அத்தனை அகலமான எல்லை எதையும் உறுதியாகச் சொல்வதில்லை.

இந்தக் குழப்பத்தின் வேர் யாரைச் சேர்த்தார்கள் என்பதில் இருக்கிறது. பல ஆய்வுகளில், ஏற்கனவே முற்றிய காசநோயாளிகளை ஒரு பக்கமும் நலமான ரத்ததானக்காரர்களை மறுபக்கமும் நிறுத்தி, பரிசோதனை இவர்களைப் பிரிக்கிறதா என்று பார்த்தார்கள். அது பிரிக்கத்தான் செய்யும். புறநோயாளிப் பிரிவில் மூன்று வாரமாக இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குக் காசநோயா, ஆஸ்துமாவா, சாதாரணச் சளியா என்பதுதான் மருத்துவரின் கேள்வி. அந்தக் கேள்வியோடு நோயாளிகளை வரிசையாகச் சேர்த்த ஆய்வா என்று, இத்தகைய ஆய்வுகளின் தரத்தை எடைபோடும் குவாடாஸ் படிவத்தின் முதல் பகுதியே கேட்கிறது. அந்தக் கட்டத்தை நிதானமாக நிரப்புங்கள்.

பிறகு நான்கு கட்ட அட்டவணையைக் கையால் போட்டுப் பாருங்கள். இருமலோடு ஆயிரம் பேர் வருகிறார்கள், நூறு பேருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிட்டின் கண்டறியும் திறன் 59%, விடுவிக்கும் திறன் 91%. நூறில் 59 பேர் பிடிபடுவார்கள். 41 பேர் நோயோடு வீடு திரும்புவார்கள். நோயில்லாத 900 பேரில் 81 பேருக்கு நோய் என்று சீட்டு வரும். ஆக, நோய் என்று சீட்டு வாங்கிய 140 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோயே இல்லை. 91% என்று மட்டும் எழுதினால் யாருக்கும் உறைக்காது. இந்தப் பரிசோதனைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011 ஜூலையில் அறிவித்தது; 2012 ஜூனில் இந்திய அரசு தடை செய்தது. ஒன்றைச் செய்யுங்கள் என்று சொல்லும் ரிவ்யூவுக்குக் கிடைக்கும் பெயர், செய்யாதீர்கள் என்று சொல்வதற்குக் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால், அந்தத் தொகுப்பு ஒரு புது மருந்துக்குச் சமம்.

வைட்டமின் ஏ கதையை நான் புதியவர்களுக்கு வருஷம் தவறாமல் சொல்லிக்கொடுக்கிறேன். 1986இல் இந்தோனேசியாவின் ஆச்சே ஆய்வு வந்தது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய டோஸ் பெற்ற கிராமங்களில் குழந்தை இறப்பு 34% குறைவு. 1990இல் நம் திருச்சி மாவட்டத்து ஆய்வு: வாரம் ஒரு சின்ன டோஸ், இறப்பு 54% குறைவு. அதே 1990இல் ஹைதராபாத்தைச் சுற்றிய கிராமங்களில் ஆறு மாத டோஸ் கொடுத்துப் பார்த்ததில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேடம் எங்களைப் பத்திகள் போடச் சொன்னார்: டோஸ், இடைவெளி, ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுத்தார்கள், எத்தனை முறை வீட்டுக்குப் போனார்கள், அந்த ஊரில் மாலைக்கண் எவ்வளவு, இறப்பு எவ்வளவு. ஆச்சேயில் ஒப்பீட்டுக் கிராமங்களுக்குப் போலி மருந்து இல்லை. திருச்சியில் இரு குழுவுக்கும் வாராவாரம் துளி போனது. ஒன்றில் வைட்டமின் ஏயும் ஈயும், மற்றதில் ஈ மட்டும். இப்படிப் பத்தி பத்தியாக நிரப்பிய பிறகுதான் அந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

அதன்பின் வந்தது உத்தரப் பிரதேசத்தின் டேவ்டா ஆய்வு. 72 வட்டாரங்கள், பத்து லட்சம் குழந்தைகள், அங்கன்வாடி வழியாக ஆறு மாதத்துக்கு ஒரு டோஸ். 2004இல் முடிந்த ஆய்வு 2013இல்தான் அச்சுக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் தொகுப்புகள் அது இல்லாமலே எழுதப்பட்டன. அதில் இறப்புக் குறைவு 4%, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்கிற எல்லைக்குள். துளி உண்மையிலேயே குழந்தைகளின் வாய்க்குப் போனதா என்று பழைய ஆய்வுகளைச் செய்தவர்கள் கேட்டார்கள். 86% போனது என்றார்கள் டேவ்டா குழுவினர்.

இப்போது கூட்ட வேண்டும். மற்ற ஆய்வுகள் எல்லாம் சேர்ந்தே இரண்டு லட்சம் குழந்தைகள்தான். எல்லா ஊரிலும் பலன் ஒன்றே என்று எடுத்துக்கொண்டு ஃபிக்ஸ்டு முறையில் கூட்டினால் டேவ்டாவின் கனம் அழுத்தும். 2017ஆம் ஆண்டு கோக்ரேன் தொகுப்பில் இறப்புக் குறைவு 12%. ஊருக்கு ஊர் பலன் மாறும் என்று எடுத்துக்கொண்டு ரேண்டம் முறையில் கூட்டினால் சின்ன ஆய்வுகளுக்கும் குரல் கிடைக்கும். அதே ஆய்வுகளில் 24%. இரண்டிலும் கணக்குப் பிழை இல்லை. பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டு மற்றதை மறைக்கிறவர் இந்தத் தொழிலுக்கு வேண்டாம். இரண்டையும் எழுதுங்கள், எந்த முறையை ஏன் முதலில் வைத்தீர்கள் என்பதை ப்ரோட்டோகாலிலேயே சொல்லியிருங்கள்.

சதவீதத்தை எழுதியதோடு வேலை முடியாது. ஆயிரம் குழந்தைகளுக்கு எத்தனை என்று மாற்ற வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறப்பவர் உத்தரப் பிரதேசத்தில் ஏறக்குறைய 60, தமிழ்நாட்டில் 22. அவசரப்பட்டு 60இல் 12% என்று பெருக்கி ஏழு என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இறப்புகளில் பாதிக்கு மேல் பிறந்த முதல் மாதத்தில் நடப்பவை. நம் வைட்டமின் ஏ திட்டத்தில் முதல் டோஸ் ஒன்பதாம் மாதத்தில்தான். முதல் மாதத்தைக் கழித்தாலே அங்கே மூன்றுக்குச் சற்றுக் கீழே, இங்கே ஒன்றை ஒட்டி வரும். ஒன்பது மாதம் வரைக்கும் கழித்தால் இன்னும் குறையும். அதற்கு வேண்டிய வயதுவாரிக் கணக்கைத் தேடி எடுத்து, இரண்டு மாநிலத்துக்கும் இரண்டு வரியாக எழுதுங்கள். சான்றின் உறுதியை கிரேடு முறையில் எடைபோட்டுப் பக்கத்தில் போடுங்கள்.

எழுதி முடித்த அந்த அட்டவணையை நான் பேராசிரியர்களுக்கு அனுப்புமுன், தெரிந்த வட்டார மருத்துவ அலுவலர் யாரிடமாவது கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வேன். துளி மருந்துக்கு இண்டென்ட் போடுகிறவர் அவர்தானே. அவர் எந்த வரியில் தடுக்கி, "இது என்னங்க?" என்று கேட்கிறாரோ, அந்த வரியைத் திரும்ப எழுதுவோம்.